அப்பா எழும்பிப் போவது ஏன்

சிவமயம்

நீர்வேலி தெற்கு,
சித்திரை மாதத்துக் கடைசிச் சனி.

அன்பு மகன் சிவதர்ஷனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் துஷாந்தினியும் சின்னவன் கீர்த்திகனும் அந்தக் குளிருக்குள் சுகமாக இருக்கிறீர்கள் என்று போன ஞாயிறு உன் குரலிலேயே தெரிந்தது. இங்கே என் முழங்கால் நோவைத் தவிர வேறு குறையில்லை. அப்பாவின் உடம்பு உன்னையும் என்னையும் விட நல்லாக இருக்கிறது. போன கிழமை அடித்த காற்றுக்கு இதரை வாழை கொஞ்சம் சாய்ந்து போயிற்று. கதலிக்கு ஒன்றுமில்லை, குலைகள் நன்றாக முற்றி வருகின்றன.

கையில் போன் இருக்க இந்த மனுசி ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் சொல்ல முடியாத விஷயம், அதுதான் காரணம். நான் போனில் கதைக்கும்போது அப்பா பக்கத்தில் நடமாடுவார். மற்றது, போனில் நான் ஒன்று சொல்ல முதல் நீ இரண்டு சொல்வாய். கடிதத்தில் நீ குறுக்கே கதைக்க முடியாது. முன்வீட்டு லூர்த்தம்மாவின் மகள் வருகிற புதன் ஒஸ்லோவுக்குப் பயணம், அவளிடம் கொடுத்து விடுகிறேன்.

போன ஞாயிறு அப்பா எங்கே என்று கேட்டாய். குளிக்கிறார் என்று சொன்னேன். அவர் குளிக்கவில்லை. உன் போன் அடித்ததும் கதிரையை விட்டு எழும்பி, மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விட்டார். கொஞ்ச மாதங்களாக இப்படித்தான் நடக்கிறது. உனக்கும் இது தெரியாமலில்லை. "என்னோடை கதைக்க அப்பாவுக்கு விருப்பமில்லையோ" என்று துஷாந்தினியிடம் கேட்டாயாம். அவள் எனக்குச் சொன்னாள், அவளைக் கோபிக்காதே. பிறகு என்னிடம், "அடுத்த நாளே மறந்துபோற ஆளைப் பாக்க இவ்வளவு தூரம் வந்து என்னம்மா பிரயோசனம்? நேர வந்தாலும் எழும்பித்தானே போவார்" என்று சொல்லி, ஆடியில் வருவதாக இருந்த பயணத்தை நிறுத்தப் பார்க்கிறாய். அப்போது என்னிடம் பதில் இருந்தது, சொல்லவில்லை. இப்போது எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாக வரும், பொறுமையாகப் படி.

அப்பாவுக்கு மூளைக் காய்ச்சல் வந்ததையும், ஆஸ்பத்திரியில் கிடந்து தப்பியதையும் நீ கேட்டுத்தான் அறிந்தாய். விசா அலுவல் முடியாதபடியால் வர முடியவில்லை. அதனால் அவர் இப்போது எப்படி இருக்கிறார் என்பது உனக்குப் போனுக்குள்ளால் தெரிகிற அளவுதான் தெரியும். காய்ச்சலுக்கு முந்தியது எல்லாம் அவருக்கு ஞாபகம். நீ நோர்வேக்குப் போனது, அதற்கு முதல் நாள் நீ தலைமயிர் வெட்டப் போய்க் காதில் காயத்தோடு வந்தது எல்லாம் சொல்வார். காய்ச்சலுக்குப் பிறகு நடந்த எதுவும் நிற்காது. பிளேன்ரீ குடித்துக் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு வந்து, "பிளேன்ரீ போடேல்லையோ" என்று கேட்பார். தொடக்கத்தில் ஒரே காலையில் ஒரே பாத்திக்கு மூன்று தரம் தண்ணீர் கட்டினார். வாழைக்குச் சந்தோஷம், கிணற்றுக்குத்தான் கஷ்டம். இப்போது தண்ணீர் இறைப்பு மெஷின் இருக்கும் கொட்டில் பூட்டின் திறப்பு என் இடுப்பில்தான் இருக்கிறது.

இதில் சிரிப்பும் உண்டு, மகன். அப்பாவுக்கு உன் கலியாணமும் தெரியாது, கீர்த்திகன் பிறந்ததும் தெரியாது. வீட்டில் முகங்கள் வாடிக் கிடக்கிற நாளில் நான் அவரைக் கூப்பிட்டு, "தம்பிக்குப் பெடியன் பிறந்திருக்கிறான்" என்று சொல்வேன். உடனே எழும்பி நிற்பார். "உண்மையாவோ, எப்ப? ஏன் எனக்கு ஒருதரும் சொல்லேல்லை?" என்று கேட்பார். கண் கலங்கும். அச்சுவேலிப் பெரியப்பாவுக்குச் சொல்ல வேண்டும் என்று சேட்டுப் போடப் போவார். ஒரு பேரனை ஒரு மனுசனுக்கு எத்தனை தரம் கொடுக்கலாம் என்று முன்பு யாரும் கேட்டிருந்தால் நான் சிரித்திருப்பேன். இப்போது நினைத்தபோதெல்லாம் கொடுக்கிறேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். இங்கே பக்கத்தில் இருக்கிற திருநெல்வேலிக் கம்பஸில் இருந்து தக்சாயினி என்று ஒரு பிள்ளை சனிக்கிழமைகளில் வருவதாகச் சொன்னேன் அல்லவா. மனிதர் எப்படிப் படிக்கிறார்கள், எதை மறக்கிறார்கள், மறந்த பிறகும் மிச்சமாக எது நிற்கிறது என்று ஆராய்கிற பிள்ளை. ஆஸ்பத்திரி டொக்டர்தான் அப்பாவைப் பற்றிச் சொல்லி அனுப்பினார். ஸ்கூட்டியில் வரும். வந்ததும் அப்பாவிடம் தான் யார், என்ன செய்யப் போகிறேன், விருப்பமில்லாவிட்டால் விடலாம் என்று முதலில் இருந்து விளங்கப்படுத்திச் சம்மதம் கேட்கும். அப்பாவும் ஒவ்வொரு சனியும் புதிதாக, "படிக்கிற பிள்ளைக்கு உதவாமல் பின்னை" என்று சம்மதம் கொடுப்பார்.

நான் முதலில் இதை ஒரு வேலையில்லாத வேலை என்றுதான் நினைத்தேன். அந்தப் பிள்ளை ஒரு கண்ணாடியை மேசையில் நிறுத்தி, அதற்கு முன்னால் ஒரு நட்சத்திரப் படத்தை வைத்து, கையை மறைத்துவிட்டு, கண்ணாடிக்குள் பார்த்துக்கொண்டே அந்த நட்சத்திரத்தின் கோட்டின் மேல் பென்சிலால் கீறச் சொன்னது. கண்ணாடியில் எல்லாம் மாறித் தெரியும், கை ஒரு பக்கம் போகும், கண் ஒரு பக்கம் போகும். முதல் நாள் அப்பா கீறியது நட்சத்திரமே இல்லை. அடுத்த சனி கொஞ்சம் திருந்தியது. மாசி முடிய, கோட்டை விட்டு விலகாமல் வழுவழுவென்று கீறுகிறார். ஆனால் ஒவ்வொரு முறையும் கண்ணாடியைப் பார்த்ததும், "உதென்ன பிள்ளை, உப்பிடி ஒண்டை நான் முந்திக் கண்டதே இல்லை" என்பார். கீறி முடித்ததும் தானே வியந்து, "பாத்தியே, முதல் தரத்திலேயே வந்திட்டுது" என்று என்னைப் பார்ப்பார்.

எனக்கும் ஆசை வந்து கீறிப் பார்த்தேன். என் நட்சத்திரம் நண்டு மாதிரி வந்தது. எவ்வளவோ காலம் ஆண்டு ஒன்றுப் பிள்ளைகளின் கையைப் பிடித்து எழுத்துப் பழக்கின எனக்கு அது பெரிய வெட்கம். அப்பாவுக்கு நல்ல சிரிப்பு. ஆனால் அன்றைக்குத்தான் எனக்கு உண்மையாகக் கேள்வி பிறந்தது. தான் படித்ததே தெரியாத ஒருவர் எப்படிப் படிக்கிறார்? கை படிக்கிறது, ஆள் அதை அறியவில்லை. அப்படியென்றால் எங்களுக்குள் படிக்கிற ஆட்கள் எத்தனை பேர்? தக்சாயினியிடம் கேட்டேன். நடந்த சம்பவங்களை வைத்திருக்கிற பகுதி ஒன்று, கைப்பழக்கத்தை வைத்திருக்கிற பகுதி வேறு, பயத்தையும் பிரியத்தையும் வைத்திருக்கிறது இன்னொன்று, அப்பாவுக்குக் கெட்டுப்போனது முதலாவது மட்டும்தான் என்று பொறுமையாகச் சொன்னது.

அதற்குப் பிறகு நானும் கண்ணை விரித்து வைத்துக்கொண்டு பார்க்கத் தொடங்கினேன். றோட்டுப் பக்கத்து இரும்புக் கேற்றைக் காய்ச்சலுக்குப் பிறகுதான் போட்டோம். அதன் கொளுக்கி ஒரு திமிர் பிடித்த சாமான், கேற்றைத் தூக்கி உள்ளுக்கு இழுத்து அமத்தினால்தான் திறக்கும். அப்பா அதைக் கண்ணை மூடிக்கொண்டு திறக்கிறார். திறந்துவிட்டு, "இந்தக் கேற் எப்ப போட்டது" என்று கேட்கிறார். தக்சாயினியையும் அப்படித்தான். தொடக்கத்தில் அந்தப் பிள்ளையைக் கண்டால் முற்றத்தில் நின்றபடி, "ஆரைப் பாக்க வந்தனீங்கள்" என்று கேட்பார். இப்போதும் அதைத்தான் கேட்கிறார். ஆனால் கேட்டுக்கொண்டே நல்ல கதிரையை இழுத்துப் போடுகிறார். ஆளைத் தெரியாது, ஆனால் ஆள் நல்லது என்று தெரியும். அந்தப் பிள்ளை எந்தச் சோதனையிலும் சரி பிழை சொல்லாது, கடைசியில் நன்றி மட்டும் சொல்லும்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது அப்பா குசினி வாசலில் வந்து நின்று யாருக்கு எழுதுகிறேன் என்று கேட்டார். தம்பிக்கு என்றேன். "நான் சுகம் கேட்டதாச் சொல்லு, உடம்பைக் கவனிக்கச் சொல்லு" என்றார். கொஞ்சத்தில் திரும்பி வந்து அதையே கேட்டு, அதையே சொன்னார். கடிதம் முடிய இன்னும் சில தரம் வருவார். எல்லாவற்றையும் நான் எழுதப் போவதில்லை. ஆனால் ஒவ்வொரு தரமும் மனதாரத்தான் கேட்கிறார்.

மேலே உள்ளது நேற்று எழுதியது. இன்று ஞாயிறு. நீ மத்தியானம் எடுப்பாய், அதற்குள் மிச்சத்தை எழுத வேண்டும்.

அச்சுவேலிப் பெரியப்பா போன வருஷம் மோசம் போனபோது நான் அப்பாவைச் செத்த வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கூடப்பிறந்த அண்ணை, முகம் பார்க்காமல் விடலாமா. அங்கே குழந்தை மாதிரி அழுதார். வீட்டுக்கு வந்து சாப்பிட்டதும் எல்லாம் மறந்து போயிற்று. சரி, கடவுள் ஒரு விதத்தில் இரங்கிவிட்டார் என்று நினைத்தேன். ஆனால் பின்னேரம் முழுக்க ஒரு இடத்தில் இருக்கவில்லை. வீட்டு வளவைச் சுற்றிச் சுற்றி வந்தார். "என்னவோ நடந்திருக்கு, நீ ஒளிக்கிறாய்" என்று என்னைக் கேட்டார். எதற்கு அழுதோம் என்பது போய்விட்டது, அழுகை போகவில்லை. காரணம் தெரிந்த துக்கத்தை விடக் காரணம் தெரியாத துக்கம் பொல்லாதது என்று அன்றைக்குக் கண்டேன். அதற்குப் பிறகு அவர் அண்ணையைக் கேட்டால் அலுவலாகத் திரிகிறார் என்று சொல்லிவிடுவேன்.

இதைத் தக்சாயினிக்குச் சொன்னபோது அந்தப் பிள்ளை ஒரு பழைய சோதனையைப் பற்றிச் சொன்னது. நூறு வருஷத்துக்கும் முந்தி, ஐரோப்பாவில் ஒரு டொக்டரிடம் அப்பாவைப் போலவே எதுவும் மனதில் நிற்காத ஒரு பெண் நோயாளி இருந்தாவாம். டொக்டர் ஒரு நாள் விரல்களுக்குள் ஊசியை ஒளித்து வைத்துக்கொண்டு கை கொடுத்தாராம். குத்திவிட்டது. கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண்ணுக்கு நோவும் மறந்து போயிற்று, குத்தினதும் மறந்து போயிற்று. பிறகு அதே டொக்டர் வந்து கையை நீட்ட, அந்தப் பெண் தன் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாவாம். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

தக்சாயினி அதை ஒரு ஆராய்ச்சிக் கதையாகத்தான் சொன்னது. நான் தேத்தண்ணீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டேன். சரியாக அந்த நேரம் உள்ளே போன் அடித்தது. கதிரையில் இருந்த அப்பா எழும்பினார். நானும் அந்தப் பிள்ளையும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் சாறத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, "ஒருக்காத் தண்ணி பாத்திட்டு வாறன்" என்று சொல்லிவிட்டுப் போனார். போனில் அன்றைக்கு நீ இல்லை, யாரோ பிழையான நம்பருக்கு எடுத்திருந்தார்கள்.

நீ இப்போது கடிதத்தைக் கீழே வைத்துவிடப் பார்ப்பாய். வைக்காதே. உன்னை ஊசி என்று சொல்லவில்லை. நான் என்ன கண்டேன், எப்படிக் கண்டேன் என்பதைச் சொல்கிறேன்.

முதலில் போன் சத்தம்தான் அவருக்குப் பிடிக்கவில்லை என்று நினைத்தேன். தக்சாயினி சத்தத்தை மாற்றி நாதஸ்வரம் வைத்துத் தந்தது. நாதஸ்வரம் அடிக்க அப்பா அசையாமல் இருந்து கேட்டார். நீதான் எடுத்திருந்தாய். "அப்பா, நான் ஆரெண்டு சொல்லுங்கோ பாப்பம்" என்று தொடங்கினாய். உடனே எழும்பினார். தண்ணீர் பார்க்க வேண்டும் என்றார். அன்றைக்கு வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. பிறகு வவுனியாவில் இருந்து உன் தங்கச்சி தயாளினி எடுத்தாள். அவள் வழக்கம் போலத் தன் பள்ளிக்கூடத்து அதிபரைப் பற்றிக் குறை சொல்லத் தொடங்கி மூச்சு விடாமல் கதைத்தாள். அப்பா முழுவதையும் இருந்து கேட்டு, அதிபருக்கு இரண்டு ஏச்சும் கொடுத்தார்.

அப்படியென்றால் இவருக்கு உன்னில்தான் வெறுப்போ என்று எனக்குப் பயம் வந்தது. அலுமாரியில் இருந்து நீ கம்பஸ் உடுப்போடு நிற்கிற படத்தை எடுத்துக் கையில் கொடுத்தேன். முகம் அப்படியே மலர்ந்து போயிற்று. "உவன் என்ரை பிள்ளை" என்று எனக்கே அறிமுகம் செய்தார். படத்தைச் சேட்டுப் பொக்கற்றில் வைத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனார். ஆகவே நீ என்றால் உயிர். நீ கேட்கிற கேள்விகள்தான் ஆகாது.

பராசக்தி மாமி இதை எனக்கு உறுதிப்படுத்தினா. அவவுக்குச் சுகமில்லாத வருத்தக்காரரைப் பார்க்கப் போனால் முதல் வேலை, "என்னை ஆரெண்டு தெரியுதே" என்று கேட்பது. நாற்பது வருஷம் வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கிறா. முதல் தரம் கேட்டபோது அப்பா, "ஏன், உங்களுக்கு உங்களை ஆரெண்டு தெரியேல்லையோ" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தோம். ஆனால் அவ விடவில்லை. வருகிற நேரமெல்லாம் இன்றைக்கு என்ன கிழமை, காலையில் என்ன சாப்பாடு என்று கேட்பா. இப்போது அவவின் செருப்புச் சத்தம் கேட்டாலே அப்பாவுக்குப் பின் வளவில் வேலை வந்துவிடும்.

மூளைக்குப் பயிற்சி கொடுத்தால் திரும்பி வரும் என்று நீ எங்கேயோ வாசித்தாய். ஒவ்வொரு ஞாயிறும் கேட்பதற்குக் கேள்வி எழுதி வைத்திருந்தாய். உன் மனைவியின் பெயர் என்ன, பிள்ளையின் பெயர் என்ன, போன கிழமை என்ன கதைத்தோம், நான் எங்கே வேலை செய்கிறேன். "ஒருக்கா வடிவா யோசியுங்கோ அப்பா, போன முறையும் சொன்னனான்" என்பாய். குரல் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். ஒரு நாள் பகிடியாக, "பத்துக்கு மூண்டு அப்பா" என்று சொன்னாய். அப்பாவும் சிரித்தார். நான் அவருடைய கையைப் பார்த்தேன், கதிரைக் கையை இறுக்கிப் பிடித்திருந்தது.

இது உன் குணம் மட்டும் இல்லை. எங்கள் ஊரில் ஒரு பிள்ளையைக் கண்டால் சாப்பிட்டாயா என்று கேட்க முதல் வகுப்பில் எத்தனையாம் பிள்ளையாக வந்தாய் என்றுதானே கேட்கிறோம். அன்பையும் நாங்கள் சோதனை வைத்துத்தான் காட்டுகிறோம். ஸ்கொலர்சிப் சோதனைக்கு உன்னை இருத்தி எழுப்பினதும் இந்த வீட்டு மேசையில்தான். திரும்பத் திரும்பக் கேட்டால் ஏறும் என்றுதான் நீ படித்தாய். அது மறதி இல்லாத பிள்ளைக்குச் சரி. அப்பாவுக்குக் கேள்வி ஏறவில்லை, பதிலும் ஏறவில்லை. பதில் தெரியாமல் பெற்ற பிள்ளைக்கு முன்னால் முழித்துக்கொண்டு இருந்த கூச்சம் மட்டும் ஏறிவிட்டது. எதற்குக் கூச்சம் என்றுகூட அவருக்குத் தெரியாது. இப்போது நாதஸ்வரம் அடித்தாலும் கால் எழும்பி விடுகிறது.

நான் கண்டதை எல்லாம் தக்சாயினியிடம் ஒப்புவித்தேன். பிள்ளை தலையைச் சொறிந்துகொண்டு, "ஒரு ஆளை வைச்சு ஒண்டும் முடிவாச் சொல்லேலாது ரீச்சர், நீங்கள் செய்தது சோதனையும் இல்லை, அதிலை கனக்க ஓட்டை இருக்கு" என்றது. எனக்கு ஊர் உலகத்துக்கு முடிவு வேண்டாம், ஒரு ஆளைப் பற்றித் தெரிந்தால் போதும் என்று சொன்னேன். சிரித்தது. பிறகு, பயத்தைப் படித்தது போலப் பயமின்மையையும் படிக்க முடியுமா என்று கேட்டேன். முடியலாம், ஆனால் பழையது அழியாது, அதன் மேல் புதியதைத் திரும்பத் திரும்பப் போட வேண்டும், அதற்குக் காலம் எடுக்கும் என்றது.

இந்த இடத்தில்தான் உனக்குத் தெரியாத ஒன்று நடந்தது. பங்குனிக் கடைசியில் ஒரு நாள், நீ வேலைக்குப் போயிருந்த நேரம், துஷாந்தினி வீடியோவில் எடுத்தாள். அப்பா வழக்கம் போல எழும்பிவிட்டார். அவள் பிள்ளையைப் போனுக்கு முன்னால் கிடத்திவிட்டுப் பால் சூடாக்கப் போனாள். கீர்த்திகன் தனியே கிடந்து ஏதோ தன் பாஷையில் கதைத்தான். அப்பா மண்வெட்டியோடு வாசலில் நின்றவர் திரும்பி, "ஆற்றை பிள்ளை உது" என்று கேட்டார். தம்பியின் பிள்ளை என்றேன். மண்வெட்டியைச் சுவரில் சாத்திவிட்டு வந்து இருந்தார். பேரனுக்குக் கதலி எது, இதரை எது, வாழைப்பொத்தியை எப்போது முறிக்க வேண்டும், குட்டியை எப்படிப் பிரித்து நட வேண்டும் என்று முழுக்கச் சொன்னார். அவனும் காலை அடித்து அடித்துக் கேட்டான். அவன் அப்பாவிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு துஷாந்தினியிடம் சொல்லி அடிக்கடி அப்படி எடுக்க வைத்தேன். உனக்கு மனம் நோகும் என்று அவளும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

போன செவ்வாய் போன் அடித்தது. அப்பா எழும்பினார். எனக்கு மனம் விட்டுப் போயிற்று. ஆனால் தோட்டத்துப் பக்கம் போகவில்லை. போன் இருக்கிற மேசைக்கு இரண்டு அடி தள்ளி வந்து, எதற்கு வந்தோம் என்று தெரியாமல், நின்றார். நான் எடுக்கும் வரை நின்றார். பேரன் என்று ஒருவன் இருப்பது அந்த நிமிடத்தில் அவருக்குத் தெரியாது, மகன். ஆனால் அந்தப் பெட்டிக்குள் இருந்து ஏதோ நல்லது வரும் என்று அவருக்குள் ஏதோ ஒன்று படித்துவிட்டது. நான் குசினிக்குள் போய் அழுதேன். சந்தோஷத்தில்தான்.

ஆகவே வந்து என்ன பிரயோசனம் என்று நீ கேட்டதற்கு என் பதில் இதுதான். நீ வந்தது அவருக்கு ஞாபகம் இருக்காது. அதை நான் மறைக்கவில்லை, பொய் சொல்லி உன்னைக் கூப்பிடவும் இல்லை. நீ பிளேன் ஏறின அன்றைக்கே, தம்பி எப்ப வருவான் என்று என்னைக் கேட்பார். ஆனால் நீ பக்கத்தில் இருந்த நாட்கள் அவருக்குள் எங்கேயோ போய்ச் சேரும். எங்கே என்று தக்சாயினியாலும் கையை வைத்துக் காட்ட முடியாது. சேரும் என்று நான் கண்ணால் கண்டுவிட்டேன். வராமல் விட்டால் அந்தக் கேள்விகள் மட்டும்தான் உன் பெயரில் அவருக்குள் மிஞ்சும். அதை என்னால் தாங்க முடியாது.

நேரில் கண்டால் எழும்பிப் போவாரோ என்று நீ பயப்படுகிறாய். எனக்கும் அந்தப் பயம் உண்டு. உன் குரல் கேட்டதும் ஒரு வேளை தோட்டத்துக்குப் போவார். போனால் நீயும் பின்னால் போ. ஒன்றும் கேட்காதே. சாறத்தைக் கட்டிக்கொண்டு அவர் பக்கத்தில் நின்று காய்ந்த இலையை வெட்டு. அவர் சொல்வதைக் கேள். உனக்கு முந்தியே தெரிந்ததையும் தெரியாதது போலக் கேள். துஷாந்தினி யார் என்று கேட்டால் சொல், பிள்ளை யாருடையது என்று கேட்டால் சொல்லிக் கையில் கொடு. அவர் சந்தோஷப்படுகிற முகத்தை நான் எத்தனையோ தரம் பார்த்துவிட்டேன், நீ ஒரு தரமும் பார்க்கவில்லையே என்பதுதான் என் கவலை.

இன்று மத்தியானம் நீ எடுக்கும்போது இந்தக் கடிதம் உன் கையில் இருக்காது. வழக்கம் போலக் கேட்பாய், நானும் வழக்கம் போல அவர் குளிக்கிறார் என்று சொல்வேன். அதற்காக என்னைக் கோபிக்காதே. இதைப் படித்த பிறகு உன்மேலும் கோபிக்காதே. அப்பாவைத் திரும்ப எடுக்கத்தானே அவ்வளவு கேள்வியும் கேட்டாய். அது எனக்குத் தெரியும்.

ஆடியில் வா, ராசா. கேற்றடியில் உன்னைக் கண்டதும் அப்பா, "எப்ப வந்தனி?" என்று கேட்பார். "இப்பதான் அப்பா" என்று சொல். உள்ளே வந்து இருந்து தேத்தண்ணீர் குடித்து முடிய, உன்னைப் பார்த்துத் திடுக்கிட்டு, "எப்ப வந்தனி?" என்று கேட்பார். அப்போதும் "இப்பதான் அப்பா" என்று சொல். அலுக்காமல் சொல், குரல் ஏறாமல் சொல். வெளிநாட்டில் இருந்து வருகிற பிள்ளைகள் தாய் தகப்பன் முன்னால் ஒரு தரம்தான் வந்து இறங்குகிறார்கள். உன்னால் நாள் முழுக்க வந்து இறங்க முடியும்.

வாய்க்காற்றரவைப் பிள்ளையார் உங்கள் மூவரையும் வழித்துணையாகக் கூட்டிக்கொண்டு வரட்டும்.

வாசலைப் பார்த்திருக்கும்,
உன் அம்மா
ஞானாம்பிகை பரமலிங்கம்